ஆல்பம் வேலைக்கு இரட்டை பிராசஸர் மெஷினைத் தலையில் கட்டியது குறித்து

விற்பனை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார். உங்களிடம் வாங்கிய வொர்க்ஸ்டேஷன் பற்றி போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுத்திலேயே தருகிறேன். நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவன், கூடவே வீடியோ எடிட்டிங்கும் உண்டு. ஃபோட்டோஷாப், ப்ரீமியர் இரண்டும்தான் நாள் முழுக்க ஓடும் என்று கொட்டேஷன் கேட்கும்போதே சொன்னேன். "ரெண்டு பிராசஸர் சார், வேலை டபுள் ஸ்பீடில் முடியும்" என்று சொல்லித்தான் உங்கள் ஆள் ஜியான் இ5-2680 வி4 இரண்டு போட்ட மெஷினைக் கொடுத்தார்.

நீங்கள் போட்டுத் தந்ததோ விண்டோஸ் ஹோம். ஹோம் ஒரு சாக்கெட்டுக்கு (பிராசஸர் பொருத்தும் இடம்) மேல் எடுத்துக்கொள்ளாது, இரண்டு ஓட ப்ரோ வேண்டும். டாஸ்க் மேனேஜரில் சாக்கெட் 1 என்று காட்டியது, அதாவது காசு கொடுத்த இரண்டாவது பிராசஸர் பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது. கண்டுபிடித்தது நான், அதைச் சரிசெய்ய ப்ரோ லைசென்ஸுக்குத் தனிக் காசு வாங்கியது நீங்கள்.

சரி, அதற்குப் பிறகாவது வேகம் வந்ததா என்றால் இல்லை. இப்போது டாஸ்க் மேனேஜரில், பிராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் கட்டம் 56 தெரிகிறது. மணப்பெண் படத்தை ஃபோட்டோஷாப்பில் வடிவம் திருத்தும் லிக்விஃபையில் திறந்து பிரஷ்ஷை இழுத்தால் ஒன்றிரண்டு கட்டம் மட்டும் மேலே ஏறுகிறது, மற்றதெல்லாம் தரையோடு கிடக்கிறது, பிரஷ் கைக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. ஃபோட்டோஷாப்பின் பெரும்பாலான வேலைகள் சில கோர்களுக்கு (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) மேல் பிரிந்து ஓடாது, ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் அங்கே கணக்கு. 2016-ல் வந்த இந்த ஜியான் டர்போவில், அதாவது உச்ச வேகத்தில், போனாலும் 3.3 கிகாஹெர்ட்ஸ்தான். 2021-ல் வந்த கோர் ஐ7-12700கே ஒற்றை பிராசஸர், 5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். போதாததற்கு இரண்டு பிராசஸருக்கும் ரேம் தனித்தனி, ஒன்று மற்றதன் ரேமைத் தொட நடுவில் உள்ள இணைப்பு வழியே போய் வர வேண்டும், அதிலும் நேரம் போகிறது.

ப்ரீமியரில் இன்னும் மோசம். என் கேமரா எடுப்பது எச்.265 10-பிட் 4:2:2 என்ற வகையில் சுருக்கிப் பதிந்த வீடியோ. அந்த ஐ7-ல் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் குவிக் சிங்க் (அப்படிச் சுருக்கிய வீடியோவை விரித்து ஓட்டும் இன்டெல் வசதி) அதைப் பார்த்துக்கொள்ளும். ஜியானில் அது கிடையாது, நீங்கள் போட்ட ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டும் 4:2:2-வைத் தொடாது. தாலி கட்டும் ஷாட்டிலேயே டைம்லைன் விக்கி விக்கி ஓடுகிறது.

பிளெண்டர், வி-ரே என்று சிபியுவிலேயே ரெண்டர் செய்பவருக்கு இது நல்ல மெஷின்தான், 56 கட்டமும் நிரம்பும். அப்படி ஒருவருக்கு விற்றுக்கொள்ளுங்கள்.

எனக்கு வேண்டியது, இதை எடுத்துக்கொண்டு மேலே சொன்ன மாதிரி ஒற்றை பிராசஸர் மெஷின், விலையில் மிச்சம் இருந்தால் அது, அப்புறம் ப்ரோ லைசென்ஸ் காசு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் இருப்பதைக் காட்டாதீர்கள், என்ன வேலைக்கு என்று தெரிந்துகொண்டு விற்ற பொருள் இது. 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடுவேன். இரண்டு பில்லும் டாஸ்க் மேனேஜர் படங்களும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்