கடைசிப் பத்தி

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பையனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மூன்று நாளாக மேகம் இறங்கி நிற்பதால் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஏற்காடு மலையே தெரியவில்லை. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். இப்போது எழுத உட்கார்ந்தது உன்னுடைய இணையதளத்தைப் பற்றி.

சென்ற செவ்வாய்க்கிழமை வழக்கம்போல அஸ்தம்பட்டியில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போய், நீ புதிதாக எழுதியிருந்த கட்டுரையைப் பிரிண்ட் எடுப்பதற்காகத் திறந்தேன். முதல் எழுத்தில் மவுஸை வைத்து இழுத்தால் வரிகளின்மேல் நீலம் படரும், அன்று படரவில்லை. வலது பக்கப் பொத்தானை அழுத்தியபோது, நகலெடுக்க அனுமதி இல்லை என்று ஒரு சிறு கட்டம் தோன்றி மறைந்தது. சரி, பக்கத்தை அப்படியே அச்சிடலாம் என்று கண்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால், அச்சுக்கு முன்பு காட்டும் முன்னோட்டத்தில் தலைப்புகூட இல்லாமல் வெள்ளைத் தாள்தான் வந்தது. திரைக்கு ஒரு மாதிரியும் தாளுக்கு வேறு மாதிரியும் காட்டும்படி ஒரு பக்கத்துக்குச் சொல்லி வைக்க முடியும் என்பதைக் கடைப் பையன்தான் எனக்கு விளக்கினான். இது பெரிய பூட்டு ஒன்றும் இல்லை, ரீடர் மோடில் போட்டால் எழுத்து மட்டும் தனியாக வந்துவிடும், எடுத்துத் தரட்டுமா என்றும் கேட்டான். நீ பூட்டி வைத்ததை ஒரு கடைப் பையனைக் கொண்டு திறக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்தப் பூட்டு யாருக்காக என்று நான் கேட்கப் போவதில்லை. உன் எழுத்து, உன் உரிமை. ஆனால் நான் எப்படி எடுத்து வைத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு பிரதிகள் எடுக்கிறேன். ஒன்று, உன் பக்கத்தை உள்ளபடியே அச்சிடுவது. அதில் மேல் ஓரத்தில் தேதியும் கீழ் ஓரத்தில் இணைய முகவரியும் விழும்படி பார்த்துக்கொள்வேன். அந்த இரண்டும் கூடுதல் அமைப்புகளில் ஒரு சிறு டிக் போட்டால் வரும், எடுத்தால் போகும். எந்த நாளில் எங்கிருந்து எடுத்தது என்று தெரியாத தாள், தாய் தகப்பன் தெரியாத பிள்ளை மாதிரி. இன்னொன்று அம்மாவுக்கு. எழுத்தை மட்டும் நகலெடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி வேர்டில் ஒட்டினால், பின்னணி நிறமும் அடிக்கோடுகளும் கூடவே வராது. அதை 16 அளவுக்குப் பெரிதாக்கி, வரிகளுக்கு இடையில் தாராளமாக இடம் விட்டு எடுப்பேன். கண்புரை எடுத்த பிறகும் உன் அம்மாவுக்குச் செல்போன் திரையில் படிக்க முடியவில்லை. தாளில் கொடுத்தால் விளக்கேற்றிய பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, தானே வாய்விட்டுப் படிக்கிறாள்.

இப்படி 47 கட்டுரைகள் பஞ்சிங் போட்டு நாடா கட்டி இருக்கின்றன. ஐப்பசி மழையில் அலமாரிக்கு மேலே ஒழுகியபோது, வீட்டில் இருக்கும் சிறிய இங்க்ஜெட் மிஷினில் எடுத்த நான்கு கட்டுரைகள் நீலமாகக் கரைந்து ஓடிவிட்டன; கடையில் லேசரில் எடுத்தவை நனைந்து, காய்ந்து, தாள் மடமடத்தாலும் ஓர் எழுத்துகூட அழியவில்லை. லேசரில் மைத்தூளைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டிவிடுகிறார்கள். ஆகவே நீயும் எடுப்பதானால் லேசரிலேயே எடு.

எடுப்பதானால் என்று எழுதினேன். நீ எடுக்கவே இல்லை என்பதுதான் என் கவலை. நீ நேராக அந்தத் தளத்தின் பெட்டிக்குள்ளேயே எழுதுகிறாய், கணினியில் தனியாக ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்கும் முகவரி அது. ஒரு வருஷம் மறந்தால் என்ன ஆகும்? ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது. உலகம் முழுவதும் எத்தனையோ பேர் தங்கள் வீட்டுக் கதையை, ஊர்க் கதையை எல்லாம் அதில் இலவசமாக எழுதி வைத்திருந்தார்கள். 2009இல் அதை மூடினார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்றவர்கள் ஓடிப்போய் அள்ளியது போக மற்றது போனதுதான். அவர்கள் 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்து வருகிறார்கள்; வேபேக் மெஷின் என்ற பெயரில் 2001 முதல் யாரும் பார்க்கலாம். உன் பக்கத்தின் முகவரியை நீயே அங்கே கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம். இரண்டு நிமிஷ வேலை, கண்ணு.

அதோடு விட்டுவிடாதே. உன் கணினியிலும் வை. முழுப் பக்கமாகச் சேமித்தால் ஒரு கோப்பும் அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் வரும். ஃபோல்டரை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் வேறிடத்துக்கு மாற்றினால் படங்கள் எல்லாம் போய்விடும். அப்பாயி தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் படத்தை நான் அப்படித்தான் ஒருமுறை இழந்து, மறுபடி எடுத்தேன். பிடிஎஃப் ஆக வைத்தால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அதிலிருந்து தமிழை மறுபடி நகலெடுக்கும்போது பல நேரம் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று பிரிந்து, 'கொ' என்ற ஓர் எழுத்தே மூன்று துண்டாகிவிடுகிறது. எனவே பிடிஎஃப் ஒன்று, வெறும் யூனிகோட் எழுத்தாக ஒன்று, தாளில் ஒன்று என்று மூன்றும் வேண்டும். தாளை மட்டும் விட்டுவிடாதே. கரண்ட் இல்லாமலும் படிக்கலாம்.

31 வருஷம் செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் அச்சுக் கோத்தும் புரூஃப் பார்த்தும் வாழ்ந்தவன் நான். உன் கட்டுரைகளில் ஒற்றுப் பிழை என்று சிவப்பு மசியால் சுழிக்க எனக்கு இதுவரை நான்கே இடங்கள்தான் கிடைத்திருக்கின்றன. வேறு யாரிடமும் நான் இதைச் சொல்லிக்கொள்வதில்லை. உன்னிடமாவது சொல்லியிருக்க வேண்டும்.

பிரதி எடுப்பது நம் ஊருக்குப் புதிதா? 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், காகிதத்தில் எடுத்து வைத்திருந்த சீவக சிந்தாமணிப் பிரதியை உ.வே.சாமிநாதையர் கையில் கொடுத்திராவிட்டால், 1887இல் அந்த நூல் அச்சேறியிருக்குமோ என்னவோ. ஐயரும் தமக்குப் பிரதி கொடுத்தவர்களின் பெயர்களை மறக்காமல் முகவுரையில் எழுதி வைத்தார். தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகக் கொடுக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் அதே ஒழுங்குதான்: தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் என்று முகப்பில் பெயர்கள் இருக்கும், அந்த முகப்பை நீக்காமல் யாரும் யாருக்கும் கொடுக்கலாம். நூலைக் கொடு, பெயரை எடுக்காதே என்பதுதான் நிபந்தனை. இதையெல்லாம் அச்சகத்தில் வரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பூட்டுவதற்கு முன்னால் நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறாய், அம்மாவிடம் பேசுகிறாய், பையனுக்குத் தூக்கம் வருகிறது என்று வைத்துவிடுகிறாய். ஆடி மாதத்திலிருந்து அப்படித்தான் நடக்கிறது. நான் கூடத்தில் போனுக்குப் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை மூடி வைத்திருந்தேன். குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆடிப் பண்டிகை மலரில் உன் கட்டுரை வந்ததைப் பற்றி நீ கேட்டபோது, மலர் போட்டவர்களே உன் தளத்திலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். அது பொய். நான்தான் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் எழுத்து அச்சில் வர வேண்டும், சொந்தக்காரர்கள் கையில் புத்தகமாகப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை. நான் கொடுத்தது அம்மாவுக்காக எடுத்த பெரிய எழுத்துப் பிரதி. வீட்டுக்குள் படிப்பதற்குப் பெயர் எதற்கு என்று, தலைப்பையும் அதன் கீழே இருந்த உன் பெயரையும் விட்டு முதல் பத்தியிலிருந்துதான் எப்போதும் நீலமாக்கி எடுப்பேன். பெயர் அங்கேயே போய்விட்டது. அதை அவர்கள் யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றி, பக்கம் கட்டி, எனக்கே புரூஃபும் காட்டினார்கள். தலைப்புக்குக் கீழே வெறும் இடமாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களுக்கே இடம் இல்லை என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் எழுந்து கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

பெயர் போனதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. கட்டுரை இரண்டு பக்கத்துக்குள் அடங்காமல் பதினோரு வரிகள் வெளியே நின்றன. எதை எடுக்கலாம் என்று பக்கம் கட்டிய பையன் திரையைக் காட்டி என்னைத்தான் கேட்டான். நடுவில் பாவு ஓட்டுவதைப் பற்றி நீ விரிவாக எழுதியிருந்ததில் எடுத்திருக்கலாம். நான் கடைசிப் பத்தியைத் தொட்டுக் காட்டினேன். அப்பாயி உயிரோடு இருக்கும்போதே பெரியப்பா தறியை விற்ற கதை அச்சில் நின்றது. அந்தப் பணம் உன்னுடைய மூன்றாம் செமஸ்டர் கட்டணமாகப் போனது என்று நீ எழுதியிருந்த பத்தி நிற்கவில்லை. இடம் இல்லாததால் அல்ல. அச்சகம் மூடிய அந்த வருஷத்தில் உனக்குப் பணம் கட்ட என்னால் முடியவில்லை, அண்ணன் கட்டினார் என்பதை ஊர் படிக்க வேண்டாம் என்று எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றிவிட்டது. பெரியம்மா உன்னைக் கூப்பிட்டுப் பேசியதெல்லாம் எனக்குப் போட வேண்டிய கூப்பாடு. நீ யார்மேலோ சந்தேகப்பட்டுப் போட்ட பூட்டு, என் பொய்யை நம்பிப் போட்டது. வெளியாள் எவரும் உன் பக்கத்திலிருந்து திருடவில்லை.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், வாங்குபவருக்கு உரிமையை விற்ற பிறகும்கூட எழுதியவருக்கு இரண்டு உரிமைகள் நிற்கின்றன என்று 57ஆம் பிரிவு சொல்கிறது: எழுதியது தான்தான் என்று சொல்லிக்கொள்வது ஒன்று, தன் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுப்பது மற்றொன்று. இரண்டையும் நானே உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். சொந்த வாசிப்புக்காக ஒருவர் நியாயமான அளவில் பிரதி எடுத்துக்கொள்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. அம்மாவுக்காக எடுத்தவரைக்கும் நான் தப்புச் செய்யவில்லை. பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கியபோதுதான் தப்பு ஆரம்பித்தது.

என்னிடம் பிப்ரவரி 11 தேதியிட்ட பிரதி இருக்கிறது. உன் பக்கத்தை உள்ளபடியே எடுத்தது. மேலே உன் பெயர் இருக்கிறது, கீழே கடைசிப் பத்தி இருக்கிறது. அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு குகைப் பகுதிக்குப் போய்ப் பெரியப்பா கையில் கொடுத்து, வெட்டியது நான்தான் என்று பெரியம்மாவை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இந்த முறை நீ சரி என்று சொல்லாமல் ஒரு தாளையும் வீட்டை விட்டு வெளியே எடுக்கமாட்டேன். என்னிடம் பேச விருப்பம் இல்லாவிட்டால் அம்மாவிடம் சரி என்று மட்டும் சொல். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது, நான் புரிந்துகொள்வேன். பூட்டை எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம். எடுக்காவிட்டாலும் உனக்கென்று ஒரு பிரதி எடுத்து வை, கண்ணு. லேசரில் எடு. தேதி விழும்படி எடு.

புதுக் கட்டுரை எங்கே என்று அம்மா தினமும் விளக்கேற்றிவிட்டுக் கேட்கிறாள். கடையில் மிஷின் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று, வேறு கடையே இல்லையா இந்தச் சேலத்தில் என்று கேட்டாள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா