புகார்: இங்கிலாந்தின் ஸ்டோ-ஆன்-த-வோல்ட் ஊருக்கு அருகே உள்ள கல்வீட்டுக்குக் கட்டிய வாடகையை முழுவதும் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் புகார்ப் பிரிவு

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்டோ-ஆன்-த-வோல்ட் பக்கத்துக் கிராமத்தில் நீங்கள் விடுமுறை வாடகைக்கு விடும் 17ஆம் நூற்றாண்டுக் கல்வீட்டில் பிப்ரவரியில் ஒரு வாரம் தங்க முன்பதிவு செய்தது தொடர்பாக எழுதுகிறேன். தொலைபேசியில் பேசிப் பேசி அலுத்துவிட்டது. உங்கள் அலுவலகம் வீட்டு உரிமையாளரைக் கேட்கச் சொல்கிறது. உரிமையாளர் பராமரிப்பாளரைக் கைகாட்டுகிறார். பராமரிப்பாளர், அலுவலகம் சொன்னால்தான் ஆள் அனுப்ப முடியும் என்கிறார். திரும்ப உங்களிடமே வந்தால் புதிய புகார் எண், புதிய ஊழியர், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆகவே எழுத்தில் தருகிறேன். எழுத்திலேயே பதில் வேண்டும்.

நீங்கள் வாடகைக்கு விடும் வீடு, அதன் அமைப்பை நான் விளக்க வேண்டியதில்லை. தாழ்ந்த நிலைப்படி, கோணலான தரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், வளைந்து ஏறும் குறுகிய மரப்படி, இவை எதன்மீதும் எனக்குப் புகார் இல்லை. இவற்றுக்காகத்தான் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். (ஆனால் கைப்பிடிக்குப் பதில் கயிறு தொங்கும் படிக்கட்டை வைத்துக்கொண்டு ‘எல்லா வயதினருக்கும் ஏற்றது’ என்று விளம்பரம் போடாதீர்கள்.) என் புகார் பராமரிப்பைப் பற்றியது.

முதலில், வீட்டைச் சூடாக்கும் பாய்லர். அந்தக் கிராமத்துக்கு எரிவாயுக் குழாய் வரவில்லை. தோட்டத்துத் தொட்டியில் மண்ணெண்ணெய் இருந்தால்தான் வீடு சூடாகும். தொட்டியின் பக்கவாட்டுக் குழாயைத் திறந்து பார்த்தபோது எண்ணெய் மட்டம் அடியோடு அடியாக இருந்தது. மட்டம் அவ்வளவு இறங்கினால் அடியில் தேங்கிய வண்டலும் தண்ணீரும் வடிகட்டிக்குள் இழுபடும், குழாயில் காற்று புகும். பர்னர் (பாய்லரில் எண்ணெயை எரிக்கும் பகுதி) பொறி வைக்கும், தீ பிடிக்காது, சில நொடிகளில் தானாகப் பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கு எரியும். அங்கே நடந்தது இதுதான். வந்த அன்று இரவே இதை இப்படியே உங்கள் ஊழியரிடம் சொன்னேன்.

அவர் சொன்ன வழி: “சிவப்புப் பொத்தானை அழுத்திக்கிட்டே இருங்க, பிடிச்சுக்கும்.”

எண்ணெய்ப் பாய்லரைப் பற்றி ஓரளவு தெரிந்த யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஒன்றிரண்டு முறை அழுத்தியும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டுத் தகுதியுள்ள பழுதுநீக்குபவரைக் கூப்பிட வேண்டும். அழுத்திக்கொண்டே இருந்தால் விட்டுவிட்டு வரும் எண்ணெய் எரியாமல் எரியறைக்குள் தேங்கும். பிறகு ஒரு பொறியில் மொத்தமும் பற்றினால் வெடிச்சத்தத்தோடு புகையும் கரியும் கிளம்பும். பம்புக்கு உராய்வு குறைப்பதும் அந்த எண்ணெய்தான், வறண்டு ஓடினால் பம்பு தேயும். எண்ணெய் ஊற்றிய பிறகும் வேலை முடிவதில்லை. வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, பம்பின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இதை வாடகைக்கு வந்தவர் செய்ய முடியாது. குளிர்காலத்தில் எண்ணெய் லாரி உடனே வராது, பொதுவாக 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவரவும் மாட்டார்கள். ஆகவே தொட்டி கால்பங்குக்கு இறங்கும்போதே ஆர்டர் கொடுப்பது வீட்டை வாடகைக்கு விடுபவர் வேலை.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அந்த ஊழியர் குறுக்கிட்டார்: “400 வருஷத்து வீடு, அப்படித்தான் இருக்கும். வசதி வேணும்னா நீங்க ஹோட்டலுக்குப் போயிருக்கணும்.” மேலதிகாரியிடம் கொடுங்கள் என்றேன். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார். பிறகு இணைப்பைத் துண்டித்தார். அந்த அழைப்பின் ஒலிப்பதிவு உங்களிடம் இருக்க வேண்டும். பயிற்சிக்காகப் பதிவு செய்கிறோம் என்று நீங்களே அறிவிக்கிறீர்கள். தயவுசெய்து அதை எடுத்துக் கேளுங்கள். ஊழியர்களில் இரண்டொருவர் மரியாதையாகப் பேசினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் இவர் பேசியது மறக்கக்கூடியதில்லை.

வேறொருவர், ‘வீடு பழமையான கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, அதனால் எதிலும் கைவைக்க முடியாது’ என்றார். இது தவறான தகவல். இங்கிலாந்தின் அந்தப் பட்டியலில் ஏறத்தாழ 4 லட்சம் பதிவுகள் உண்டு. 90 சதவீதத்துக்கு மேல் இந்த வீட்டைப் போல கிரேடு 2 என்ற கடைசித் தரம்தான். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி கேட்க வேண்டியது கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலைகளுக்கு: சுவரை இடிப்பது, பழைய ஜன்னலைப் பிடுங்கி இரட்டைக் கண்ணாடி போடுவது போன்றவை. தொட்டியில் எண்ணெய் ஊற்ற, புகைபோக்கியைத் துடைக்க, கூரைத் தவாளத்தில் (கூரையோர மழைநீர் வடிகாலில்) அடைத்த சருகை வார எந்த அனுமதியும் வேண்டாம். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை மாட்டவும் வேண்டாம்.

அடுத்தது செல்ட்டன்ஹாம் நகருக்குப் போன பயணம். மின்சார ஹீட்டர்கள் தயாராக இருக்கின்றன, சனிக்கிழமை 2 மணிக்கு செல்ட்டன்ஹாம் கிடங்கில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னது உங்கள் அலுவலகம். ஏறத்தாழ 18 மைல். கிராமத்துச் சந்திலிருந்து வெளியே வரவே, எதிரில் டிராக்டர் வந்தால் வேலியோரம் ஒதுங்கிப் பின்னால் போக வேண்டிய ஒற்றைத் தடம். அதன்பிறகு மூடுபனியில் ஏ436 சாலை, ஆண்டோவர்ஸ்ஃபோர்டு ஊர் தாண்டி ஏ40 சாலை. போய்ச் சேர்ந்தால் கிடங்கு பூட்டியிருக்கிறது. சனிக்கிழமை 12 மணியோடு மூடப்படும் என்று கதவிலேயே அச்சடித்து ஒட்டியிருக்கிறது! உங்கள் கிடங்கு எப்போது மூடும் என்று உங்களுக்கே தெரியாதா? அங்கிருந்து கூப்பிட்டால் அதே ஊழியர்தான் எடுத்தார். ‘வெப்சைட்ல பார்த்துட்டுப் போயிருக்கலாமே’ என்றார். வீட்டில் குளிரில் விட்டுவந்த பெரியவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? அந்த ஒரு பயணத்தில் விடுமுறையே பாழாகிவிட்டது. ஆண்டு முழுவதும் சேர்த்த பணமும் விடுப்பும் அந்தக் கதவுக்கு முன்னால் தொலைந்தன என்றுதான் சொல்வேன்.

பராமரிப்பாளர் பிறகு கொண்டுவந்து வைத்த இரண்டு விசிறி ஹீட்டர்களையும் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் 2 கிலோவாட். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிவிட்டுப் போனார். 230 வோல்ட்டில் ஒன்று ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும்; இரண்டும் சேர்ந்தால் 17க்கு மேல். அந்தப் பெட்டியின் பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் உடனே போகாது. அதற்குள் பிளக் சுடும், பிளாஸ்டிக் இளகும். கைவைத்துப் பார்த்து நானே ஒன்றைப் பிடுங்கினேன். 50 சென்டிமீட்டர் தடிமனுள்ள, உள்வரை குளிர்ந்துபோன கல்சுவரை இத்தகைய ஹீட்டரால் சூடாக்கவும் முடியாது. காற்று மட்டும் சூடாகும். சூடான காற்று அறையின் ஈரத்தை ஏற்றுக்கொண்டு போய்க் குளிர்ந்த சுவரில் முத்துமுத்தாக விடும். இப்படிப்பட்ட வீட்டுக்கு ஆள் இல்லாத நாள்களிலும் மிதமான சூடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது ஓடவில்லை என்பதற்குப் படுக்கையறைச் சுவரே சாட்சி.

அந்தச் சுவரைப் பாருங்கள். வடக்குப் பக்க அலமாரியை ஒரு சாண் நகர்த்தினால் பின்னால் கரும்பச்சைப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. முழங்கால் உயரத்துக்குக் கீழே விரல் வைத்து அழுத்தினால் பூச்சு மாவாக உதிர்கிறது, உள்ளே வெள்ளை உப்புப் பூத்திருக்கிறது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய கல்சுவர் வாங்கிய ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். அதன்மேல் உள்ளே சிமெண்டும் வினைல் பெயிண்டும், வெளியே இணைப்புகளில் சிமெண்டும் பூசினால் ஈரம் போக வழியில்லை. வெளியே அதே இடத்தில் பூச்செடிப் பாத்தி மண்ணை உள்தரையைவிட உயரமாகக் குவித்திருக்கிறீர்கள். அதற்கு நேர்மேலே தவாளத்தில் சருகு அடைத்து, மழைநீர் குழாயில் இறங்காமல் சுவர்வழியே வழிகிறது. ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம், மண்வெட்டியும் ஏணியும் போதும். பூஞ்சணத்தை மறைக்க அந்த அலமாரியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியதால் காற்றோட்டமும் போயிற்று. அதில் வைத்த கம்பளிக் கோட்டுகள், தோல் செருப்பு, பை எல்லாம் முடை நாற்றம் பிடித்துவிட்டன. சலவைக்குக் கொடுத்தும் போகவில்லை, அவற்றை இழந்ததாகவே கொள்கிறேன்.

விறகு அடுப்பைப் பற்றிச் சொல்லும்போது கை நடுங்குகிறது. இது உயிர் விஷயம். நீங்கள் வைத்த கூடை விறகு பச்சை. தீயில் போட்டால் சீறுகிறது, வெட்டுமுகத்தில் தண்ணீர் நுரைத்துக் கொப்பளிக்கிறது. 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் 2 கனமீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதற்குச் சான்று முத்திரையும் வேண்டும். அந்தக் கூடை எங்கே வாங்கியது? பச்சை விறகின் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போகும். புகை குளிர்ந்து தாராகப் புகைபோக்கியின் உட்சுவரில் படியும். அந்தத் தார்தான் பிறகு புகைபோக்கித் தீயாக மாறும். அடுப்புக் கண்ணாடி முதல் மணிநேரத்திலேயே கறுத்துவிட்டது. அதோடு புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பியது. அடுப்பு ஆறிய பிறகு உட்புறத் தடுப்புத் தகட்டை இறக்கினால் சுள்ளிகள் கொட்டின. ஜாக்டா காக்கை கட்டிய பழைய கூடு. அவை புகைபோக்கிக்குள் குச்சிகளைப் போட்டுக் கூடு கட்டும் என்பது அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்தது. மேலே ஒரு பறவைக் கம்பிக்கூண்டு இருந்திருந்தால் இது நடந்திருக்காது. விறகு எரிக்கும் புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது, அதிகம் எரித்தால் இருமுறை துடைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். உங்கள் வரவேற்புக் கோப்பில் மதுக்கடை நேரமும் நடைபாதை வரைபடமும் இருக்கின்றன, சான்றிதழ் இல்லை. கூட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். வசந்தத்தில் காக்கை திரும்பி முட்டையிட்டுவிட்டால் 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி அதைத் தொடக் கூடாது, வெயில் காலம்வரை அடுப்பைப் பூட்டி வைக்க வேண்டியதுதான்.

புகை திரும்பும் அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை. சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில், மின்கலம் இல்லாமல் கிடந்தது. பின்பக்கம் ‘2019க்குள் மாற்றவும்’ என்று அச்சிட்டிருக்கிறது. படம் இணைத்துள்ளேன். அது அடுப்பு இருக்கும் அறையிலேயே, அடுப்பிலிருந்து கிடைமட்டமாக 1 முதல் 3 மீட்டருக்குள், கூரையில் என்றால் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. எனக்கு இதெல்லாம் தெரிந்ததால் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்தேன். தெரியாத ஒரு குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருந்தால்? ‘அப்படித்தான் இருக்கும்’ என்று அவர்களிடமும் அந்த ஊழியர் சொல்வாரா?

பாதி வாரத்தோடு வெளியேறி ஸ்டோவில் விடுதி எடுத்தோம். ஹோட்டலுக்குப் போங்கள் என்றீர்கள், போனோம்; அந்தக் கட்டணம் இப்போது உங்கள் கணக்கில்.

‘நாங்கள் இடைநிலை முகவர் மட்டுமே’ என்ற பதிலை அனுப்ப வேண்டாம். விளம்பரம் உங்கள் பெயரில், முன்பதிவு உங்கள் தளத்தில், பணம் வாங்கியதும் நீங்கள். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சேவையைத் தகுந்த கவனத்தோடு தர வேண்டும். நம்பி வாங்கும்படி சொன்ன தகவலுக்கும் கட்டுப்பட வேண்டும். தவறினால் விலைக்குறைப்புக் கேட்க எனக்கு உரிமை உண்டு. ‘வீடு முழுதும் வெப்ப வசதி, விறகு அடுப்பு’ என்ற உங்கள் விளம்பரத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அதோடு 2023 அக்டோபர் 1 முதல், எவ்வளவு சிறிய விடுமுறை வீடானாலும் தீ அபாய மதிப்பீட்டை முழுமையாக எழுத்தில் வைத்திருக்க வேண்டும். இந்த வீட்டின் மதிப்பீட்டு நகலைத் தயவுசெய்து அனுப்புங்கள்.

நான் கேட்பது: ஒரு வார வாடகை முழுவதும், விடுதிக் கட்டணம், செல்ட்டன்ஹாம் போய்வந்த பெட்ரோல் செலவு, கெட்டுப்போன துணிமணிகளின் விலை. ரசீதுகளை இணைத்துள்ளேன். அடுத்த வாடிக்கையாளருக்குச் சாவி கொடுப்பதற்கு முன் புகைபோக்கியைத் துடைத்து, புதிய அலாரம் மாட்டி, எண்ணெய் நிரப்பி, பாய்லரைப் பழுது பார்த்ததற்கான சான்றுகளும் வேண்டும். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் எந்தச் சமரசமும் கிடையாது.

பேசித் தீர்க்கவே விரும்புகிறேன். அந்த வீடு அழகானது, ஒழுங்காக வைத்திருந்தால் திரும்பவும் வருவேன். ஆனால் 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் இதையே வழக்குக்கு முந்தைய அறிவிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் பணத்தை என் கடன் அட்டை வங்கியிடம் கோருவேன். சிறு வழக்கு மன்றத்தில் 10,000 பவுண்டுவரை வழக்காடலாம், அதற்கும் தயார். அலாரத்தின் படமும் உருகத் தொடங்கிய பிளக்கின் படமும் குளோஸ்டர்ஷயர் தீயணைப்புத் துறைக்கும் வர்த்தகத் தர அதிகாரிகளுக்கும் போகும்.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். முன்பதிவில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்

இணைப்பு: விளம்பர நகல், ரசீதுகள், அலாரம், பிளக், படுக்கையறைச் சுவர், தவாளம், கிடங்குக் கதவு அறிவிப்பு ஆகியவற்றின் படங்கள்