டொமைன் வியாபாரம் பற்றி நீ கேட்டது

மார்த்தாண்டம்

அன்புள்ள குமாரதாஸ்,

உன் மெயிலை ராத்திரி உட்கார்ந்து முழுக்க வாசித்தேன். பெரியவளுக்கு வரன் அமைந்தது கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. பால்வெட்டு நடக்காமல் ரப்பர் தோட்டம் சும்மா கிடக்கிறது, அண்ணனிடம் பேச்சுக் கொடுக்கவே பயமாக இருக்கிறது. மற்றபடி சுகம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஷார்ஜா கணக்கு முடித்து வரும் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு டொமைன், அதாவது இணையதள முகவரிப் பெயர், வாங்கி விற்கலாமா என்கிறாய். உன் மருமகன் அனுப்பிய வீடியோவில் வரும் கதைகள் பொய்யில்லை. பிசினஸ்.காம் 1997-இல் ஒன்றரை லட்சம் டாலருக்குக் கைமாறி, 1999-இல் 75 லட்சம் டாலருக்குப் போனது. வாய்ஸ்.காம் 2019-இல் 3 கோடி டாலருக்கு விற்றது. ஆனால் மக்கா, 1995 வரைக்கும் டொமைன் பதிவு செய்யக் காசே கிடையாது. அந்தக் காலத்தில் ஒற்றைச் சொல் பெயர்களை எடுத்து வைத்தவர்கள்தான் இன்றைக்கும் பெரிய விலைக்கு விற்கிறார்கள். நமக்கு மிச்சம் இருப்பது இரண்டு சொல் சேர்ந்த பெயர்களும், ஊர்ப் பெயரோடு தொழிலை ஒட்டிய பெயர்களும்தான்.

ஒரு பெயரைப் பார்த்ததும் "அட, நல்லா இருக்கே" என்று தோன்றும். அதை நம்பி வாங்காதே. இந்தப் பெயர் கிடைத்தால் வியாபாரம் கூடும் என்று நினைத்துக் காசு எடுத்து வைக்கக்கூடிய நாலைந்து பேரையாவது உன்னால் சொல்ல முடியுமா? கடை பெயரோடு, போன் நம்பரோடு? முடிந்தால் மட்டும் வாங்கு. ஏனென்றால் டாட் காம் ஒவ்வொன்றுக்கும் வருடா வருடம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரினியூவல் கட்ட வேண்டும். நூறு பெயர் வைத்திருப்பவருக்கு வருடத்தில் ஒன்றிரண்டு விற்றாலே சாதாரணம் என்பதுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் போடும் கணக்கு. விற்கும் ஒன்றிரண்டு மற்ற எல்லாவற்றுக்கும் சோறு போட வேண்டும். ஏஐ என்று முடியும் பெயர்களை மருமகன் சொல்கிறாரே, அது அங்குவில்லா என்ற குட்டித் தீவின் குறியீடு. விலை அதிகம், குறைந்தது இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். அது நம் கைக்கு அடங்காது.

நம் ஊர்ப் பெயர்களைப் பிடிக்கலாமே என்கிறாய். எனக்கும் அதில்தான் ஆசை. ஆனால் நம் ஊர்களை ஆங்கில எழுத்தில் எழுதுவதே தனிக் கூத்து. கன்னியாகுமரிக்கு மாவட்ட நிர்வாகம் இரண்டு 'என்' போடுகிறது, டூரிஸ்ட் பஸ்ஸில் ஒன்றுதான். குளச்சலும் தக்கலையும் வெள்ளைக்காரன் எழுதி வைத்தபடியே கிடக்கின்றன. 2020-இல் அரசாங்கம் ஆயிரத்துச் சொச்சம் ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை போட்டு, சில நாளிலேயே வாபஸ் வாங்கியது ஞாபகம் இருக்கும். நீ ஒரு எழுத்துக்கூட்டலை வாங்கினால் ஆள் இன்னொன்றை அடிப்பான்.

போன வாரம் இங்கே பேக்கரியில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் "மார்த்தாண்டம் தேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லி, அவள் போனில் ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னேன். 'மா'வுக்கு இரண்டு 'ஏ' போட்டாள். தேனுக்கு வந்ததும் 'டி எச் இ', அப்புறம் யோசித்து இன்னொரு 'இ'. கேட்டால், "ஒண்ணுதான் போட்டா 'தென்'னு ஆயிடும்லா அண்ணா" என்கிறாள். இந்தச் சோதனையை எந்தப் பெயருக்கும் வாங்குவதற்கு முன்பே செய்துவிடு, செலவு ஒரு டீதான். ஊர்ப் பெயரோடு ஹனி, டாக்ஸி, ஹோம்ஸ்டே என்று எல்லாருக்கும் எழுதத் தெரிந்த சொல்லைச் சேர்த்தால் பாதிச் சிக்கல் தீரும். நடுவில் கோடும் எண்ணும் வேண்டவே வேண்டாம்.

விற்பதும் அப்படித்தான். கன்னியாகுமரியில் ஹோம்ஸ்டே வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரு பெயரைக் காட்டினேன், இருபத்தைந்தாயிரம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இது வாங்குனா கூகுள்ல மேல வருமா?" அப்படி வராது, பெயரில் தேடுசொல் இருப்பதற்காக மட்டும் மேலே வந்த மட்டமான தளங்களைக் கூகுள் 2012-லேயே கீழே இறக்கிவிட்டது என்று உள்ளதைச் சொன்னேன். "அப்ப எனக்கு வாட்ஸ்அப்பே போதுமே." கடைசியில் போர்டில் எழுத லேசாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆறாயிரத்துக்கு எடுத்தார். நம் பக்கத்து விலை இவ்வளவுதான், இதைத் தெரிந்துகொண்டு இறங்கு.

நம் ஊர் மட்டி வாழைப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததால் அந்தப் பெயரைப் பிடித்து வைக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் விவசாயிகள். அவர்களிடம் விலை பேச எனக்கு மனசு வராது, பேசினாலும் காசு வராது.

அதைவிட ஆபத்து கம்பெனிப் பெயர்கள். டாட் காம் தகராறுகளுக்கு 1999 முதல் ஒரு விதிமுறை இருக்கிறது. பெயர் தங்கள் வணிக முத்திரையோடு (டிரேட்மார்க்) குழம்புகிறது, வாங்கியவனுக்கு அதில் உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தில் வாங்கிப் பயன்படுத்துகிறான் என்று மூன்றையும் கம்பெனிக்காரர்கள் நிரூபித்தால் டொமைனைத் தூக்கி அவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். முத்திரைக்காரரிடமே கூடுதல் விலைக்கு விற்கத்தான் வாங்கினான் என்று தெரிந்தால் அதுவே கெட்ட எண்ணத்துக்குச் சாட்சி. நம் உச்ச நீதிமன்றமும் 2004-இல் சிஃபி என்ற இணைய நிறுவனத்தின் வழக்கில் டொமைனுக்கு வியாபாரப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. ஜியோஹாட்ஸ்டார் கதை 2024-இல் பேப்பரில் எல்லாம் வந்ததே. அந்தப் பெயரை முன்பே வாங்கி வைத்திருந்த டெல்லிப் பையன் ரிலையன்ஸிடம் கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவைக் கேட்டான், கிடைக்கவில்லை. அவனிடமிருந்து வாங்கிய துபாய்ப் பிள்ளைகள் கடைசியில் சும்மாவே தருகிறோம் என்றார்கள்.

காலாவதியான பெயர்களை எடுப்பது தனி வித்தை. கெடு முடிந்ததும் உடனே வெளியே வராது. பழைய சொந்தக்காரருக்குச் சலுகை நாட்கள், அப்புறம் அபராதத்தோடு மீட்க 30 நாள், அதற்குப் பிறகு 5 நாள் கழித்துத்தான் விடுபடும். அதில் நல்லதைப் பதிவு நிறுவனங்களே முன்கூட்டி ஏலம் போட்டுவிடும். மிஞ்சியதை எடுத்தாலும் ஜாதகம் பார்க்காமல் எடுக்காதே. இங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் பழைய முகவரியைத் திறந்தால் இந்தோனேசிய மொழியில் சூதாட்ட விளம்பரம் வருகிறது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டால் அந்தப் பெயர் முன்பு என்ன தொழில் பார்த்தது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. வாங்குகிறேன் என்று நல்ல விலை சொல்லி மெயில் வரும், "முதலில் இந்த இடத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள்" என்பான். அந்தச் சான்றிதழுக்குக் காசு வாங்குபவனும் அவனேதான். பதிலே போடாதே. உண்மையான ஆள் என்றால் எஸ்க்ரோ, அதாவது பெயர் கைமாறும்வரை பணத்தை நடுவில் பிடித்து வைக்கும் ஏற்பாடு, மூலம் பணம் போடச் சொல்.

மருமகன் ஏற்கெனவே சில பெயர்கள் வாங்கிவிட்டார் என்று எழுதியிருக்கிறாயே, அவை யார் பெயரில், எந்த மெயில் ஐடியில் பதிவாகியிருக்கின்றன என்று கேட்டுச் சொல். பழைய ஆபீஸ் மெயிலில் இருந்தால் இந்த வாரமே மாற்றச் சொல். பட்டியலையும் அனுப்பு, எதற்கு ரினியூவல் கட்டலாம், எதை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
வில்சன்