பாப்பாவுக்கு அப்பா எழுதறது

பாப்பா, நல்லா இருக்கியா. லேப்ல இருக்கேன் அப்பறம் பேசறேன்னு ஃபோன வச்ச, அதோட சரி. அனுப்புன மெசேஜுக்கும் நீல டிக் விழுந்துருக்கு, பதில காணோம். வேலையா இருப்ப, தெரியும். வேளாவேளைக்கு சாப்புடும்மா.

இங்க சம்பா நடவு முடிஞ்சுது. பெரிய அத்த வந்துருந்தா, பிஎச்டின்னு இன்னும் எத்தன வருஷம்தான் படிப்பாளாம்னு கேட்டா. நான் விடல. நம்ம பொன்னி நெல்லுக்கும் உப்புத்தண்ணி தாங்கற கேரளா நெல்லு பொக்காளிக்கும் ஒட்டு சேக்கறதுன்னா சும்மாவா, பூ விரியறதுக்கு முன்னாடியே நுனிய கத்தரிச்சு உள்ள இருக்கற ஆறு மகரந்தப்பையையும் ஊசியால எடுக்கணும், ஒண்ணு தங்குனாலும் போச்சு, அப்பறம் கவர் மாட்டி மறுநாள் பொக்காளி மகரந்தத்த உதறணும், அதுல வர்ற நெல்ல ஆறேழு தலைமொற வெதச்சு வெதச்சு பொறுக்குனாத்தான் குணம் நிலைக்கும், வருஷத்துக்கு ரெண்டு போகம்னாலும் நீயே கணக்கு போட்டுக்கன்னேன். உப்புத்தண்ணி தாங்குதான்னு பாக்கறது அதுக்கு அப்பறம்தான். அத்த வாயடச்சு போயிட்டா. நம்ம வீட்ல நெல்ல வெதச்சவங்க எல்லாரும் உண்டு, புது நெல்லு உண்டாக்கறவ நீ ஒருத்திதான்.

கோயமுத்தூர் அக்ரி யுனிவர்சிட்டில ஒரு வயல காட்டுனியே, 1909லேர்ந்து ஒரு பாத்திக்கு உரமே இல்லாம, ஒண்ணுக்கு தொழு உரம் மட்டும் போட்டு பாத்துகிட்டே இருக்காங்கன்னு. இங்கிலாந்துல ராதாம்ஸ்டெட்ல 1843லேர்ந்து கோதுமை வயலே இருக்காமே. ஆரம்பிச்சவங்க எல்லாம் போயி சேந்தாச்சு, ஆராய்ச்சி நடக்குது. ஆனா அங்க பாத்துக்கறவங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும்.

நீ சேந்தப்ப ஆராய்ச்சி உதவித்தொக ஜேஆர்எஃப்னு ரெண்டு வருஷம், எஸ்ஆர்எஃப்னு மூணு வருஷம் வரும்னு எழுதி குடுத்த தாளு பீரோவுலயே இருக்கு. ஆவணியோட அஞ்சும் முடிஞ்சுது. நான் ஒண்ணும் கேக்கல. பணம் குடுக்கறவங்க அஞ்சு வருஷம்னு சொல்லிட்டா பயிரு கேட்டுக்குமா. ஹாஸ்டல்ல மெஸ் பில்லு முன்ன மாதிரியே கட்டறியா, இல்ல ரூம்லயே ரொட்டிய தின்னுகிட்டு கெடக்கறியா? போட்டோல கழுத்தெலும்பு தெரியுதுன்னு அம்மா நாள் பூரா அதையே சொல்றா. காலைல டிபன விடாத.

உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் போட்டுருக்கேன், உளுந்து வித்த காசு. போன தடவ மாதிரி திருப்பி அனுப்புன, எனக்கு கெட்ட கோவம் வரும். அடுத்த மாசமும் போடுவேன், எதுக்குன்னு நீயும் கேக்காத. ஆராய்ச்சி சுருக்கம், அந்த சினாப்சிஸ், குடுக்கறது எப்பன்னு அத்தகிட்ட நானே ஒரு தேதி சொல்லி வச்சிருக்கேன், அது தையில, நீ போட்டுக் குடுத்துறாத. சாப்புட்டியான்னு அம்மா கேக்கறா, அவளுக்காவது ஒரு ஃபோன் போடு.

அப்பா