முதலாண்டு வகுப்பு எடுக்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

முதலாண்டுப் பொறியியல் பாடத்தை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு ரொம்பச் சந்தோஷம். படிப்பை யார் தொடர்வார், யார் விட்டுப் போவார் என்பது பாதிக்கு மேல் அந்த ஓராண்டிலேயே முடிவாகிவிடுகிறது. பெண்களும், வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களும், மாற்றுத்திறனாளிகளும் வகுப்பில் குறைவாக இருக்கிறார்கள், பாடத்தைக் கொஞ்சம் எளிதாக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்ப்பா. கடினமான பாடம் கடினமாகவே இருக்கட்டும். சொல்லித்தராமலேயே எதையெல்லாம் "இவர்களுக்குத் தெரிந்திருக்கும்" என்று எடுத்துக்கொள்கிறோம், அதைத் தேடிப் பிடி.

இத்தனை வருஷம் டிராயிங் வகுப்பு எடுத்ததில் நான் கண்டது இதுதான். ஒரு கட்டையின் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் கொடுத்து ஐசோமெட்ரிக் படம் (மூன்று பக்கமும் சேர்ந்து தெரியும் முப்பரிமாணப் படம்) வரையச் சொன்னால், சிலர் பென்சிலை எடுத்த கையோடு வரைந்துவிடுவார்கள். சிலர் மறைந்திருக்கும் விளிம்பு எங்கே வரும் என்று பிடிபடாமல் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "இவர்களுக்கு இன்ஜினியரிங் வராது" என்று அங்கேயே முத்திரை விழும். அமெரிக்காவில் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி இதை எடுத்து ஆராய்ந்தார். பொருளை மனதுக்குள் சுழற்றிப் பார்க்கும் தேர்வு ஒன்றை வைத்தபோது, அதில் தடுமாறியவர்களில் பெண்களின் பங்கு மிக அதிகமாக இருந்தது. அவர்களுக்காக 1993இல் ஒரு சிறு பயிற்சிப் பாடம் தொடங்கினார்: சின்னக் கனசதுரங்களை அடுக்குவது, பார்ப்பது, கையால் வரைவது, மறுபடி வரைவது. பயிற்சி எடுத்தவர்களின் மார்க் மற்றப் பாடங்களிலும் ஏறியது, படிப்பை விடாமல் தொடர்ந்தவர்களும் கூடினார்கள். பிறவித் திறமை என்று நினைத்தது, சில வாரப் பழக்கத்தில் வருகிற ஒன்றாக இருந்திருக்கிறது! சின்ன வயதிலேயே சாமான்களைக் கழற்றி மாட்டி விளையாடியவர்களுக்கு அந்தப் பழக்கம் முன்பே கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த யூரி டிரைஸ்மன் பார்த்ததையும் மனதில் வை. கால்குலஸில் தோற்ற கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர்; விழுந்து விழுந்து படித்தார்கள், ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் கணக்கை இன்னொருவர் திருத்திக்கொண்டிருந்தார்கள். டிரைஸ்மன் வைத்தது பின்தங்கியவர்களுக்கான டியூஷன் இல்லை. இன்னும் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாகப் போடச் சொன்னார். மரியாதை அதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் குழு என்று பிரித்துவிட்டு நீ நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடாதே. லேபில் ஒரு மேசையைக் கொஞ்ச நேரம் நின்று கவனி. ஸ்க்ரூடிரைவர் யார் கையில், ரெக்கார்டு நோட்டு யார் கையில்? நான்கு பேரில் ஒரு பெண் இருந்தால் "உன் கையெழுத்து அழகு" என்று நோட்டு அவளிடம் போகும், பருவம் முடியும்வரை திரும்பாது. வாராவாரம் வேலையை மாற்று. முடிந்தால் முதல் சில வாரங்களுக்காவது ஒரே பெண்ணைத் தனியாக ஒரு குழுவில் போடாதே.

அப்புறம், எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பான். கெட்டவன் இல்லை, ஆர்வம். அமெரிக்காவில் ஹார்வி மட் என்ற கல்லூரியில் அப்படிப்பட்டவர்களைத் தனியே அழைத்து, "உன்னோடு பேச எனக்குப் பிடிக்கும், வகுப்பு முடிந்ததும் பேசலாம்" என்று சொல்வார்களாம். முதல் கணினிப் பாடத்தையே முன் அனுபவம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று தனிப்பிரிவுகளாக்கினார்கள். 2006 வாக்கில் கணினி அறிவியல் எடுத்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே இருந்த பெண்கள், சில ஆண்டுகளில் பத்தில் நால்வரானார்கள்.

நிறக்குருடு உள்ள பையனுக்கு ரெசிஸ்டரின் மதிப்பைக் காட்டும் வண்ணக் கோடுகள் சரியாகப் பிரித்துத் தெரியாமல் போகலாம். மல்டிமீட்டரால் அளந்து எழுதட்டும், மார்க் குறைக்காதே. கேட்டு வாங்கச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் இந்த வசதியை முதல் நாளே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடு.

பருவத்தின் முடிவில் ஒரே பெரிய தேர்வு என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாம் வாரத்திலேயே ஒரு சின்னத் தேர்வு வை, திருத்திய தாளை அந்த வாரமே கையில் கொடு. வினாத்தாளைத் தயார் செய்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா