தானாக இடப்பக்கம் ஓடும் ஸ்டிக்: கன்ட்ரோலர் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
மதுரை வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள பில்லில் உள்ளன)

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஹால் எஃபெக்ட் ஸ்டிக் (காந்தத்தால் நிலையை அறியும், உரசாத ஸ்டிக்) என்று அச்சிட்டு விற்ற வீடியோ கேம் கன்ட்ரோலரில் டிரிஃப்ட் கோளாறு (ஸ்டிக்கைத் தொடாதபோதும் தள்ளியதாகக் காட்டும் கோளாறு), பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்தக் கோளாறு பற்றி ஏற்கெனவே மூன்று மெயில் அனுப்பியிருக்கிறேன். முதல் இரண்டுக்கும் "உங்கள் புகார் பதிவாகியுள்ளது" என்ற ஒரு வரிதான் வந்தது. மூன்றாவதற்கு வந்த பதிலைப் படித்த பிறகுதான் விரிவாக எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. "நீங்கள் வைத்துச் சோதித்தது ஒரு சின்ன 2டி விளையாட்டு. எங்கள் பொறியாளர்கள் பெரிய ஷூட்டர் விளையாட்டில் சோதித்தார்கள். கன்ட்ரோலர் சரியாக வேலை செய்கிறது" என்று அதில் இருந்தது. இரண்டுமே தவறு. கன்ட்ரோலர் சரியாக வேலை செய்யவில்லை. அதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் விளையாட்டைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

முதலில் என்னைப் பற்றி. நான் டிடிபி வேலை பார்க்கிறேன். பகல் முழுக்கக் கீபோர்டில்தான் கை. மணிக்கட்டு வலி வந்து, வேலை நேரம் போக மற்ற நேரத்தில் கீபோர்டைத் தொடாதீர்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். இரவு ஒரு மணி நேரம் விளையாடுவது எனக்குப் பெரிய ஆறுதல். அதை விட மனமில்லாமல்தான் கன்ட்ரோலர் தேடினேன். உங்களுடையதை உங்கள் இணையதளத்திலேயே 2,899 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இதைவிட ஆயிரம் ரூபாய் குறைவாக வேறு கன்ட்ரோலர்கள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு இதை எடுத்ததற்கு ஒரே காரணம், பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்த "ஹால் எஃபெக்ட் ஸ்டிக், டிரிஃப்ட் வராது" என்ற வாசகம்.

நான் விளையாடுவது டோம் கீப்பர். உங்கள் பொறியாளர்கள் அதைச் சின்ன விளையாட்டு என்று சொன்னதால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஜெர்மனியில் ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் பிப்பின்பிட்ஸ் என்ற நிறுவனம் செய்த விளையாட்டு அது. 2021 ஏப்ரலில் நடந்த லூடம் டேர் 48 என்ற விளையாட்டு உருவாக்கும் போட்டிக்கு "டோம் ரொமான்டிக்" என்ற பெயரில் முதலில் செய்தார்கள். "இன்னும் ஆழமாக, இன்னும் ஆழமாக" என்பதுதான் அந்த முறை கொடுத்த தலைப்பு. சில நாளில் செய்த அந்த முன்மாதிரியை வளர்த்து, ரா ஃப்யூரி என்ற நிறுவனத்தின் வெளியீடாக 2022 செப்டம்பர் 27 அன்று முழு விளையாட்டாகக் கொண்டுவந்தார்கள். கோடாட் என்ற, விளையாட்டு உருவாக்கும் இலவச மென்பொருளில் செய்தது. ஆள் குறைவு, படம் புள்ளி புள்ளியாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதில் ஒரு நொடிகூட வீணாகப் போவதில்லை.

வேற்றுக் கிரகத்தில் ஒரு கண்ணாடிக் கூடாரம். அதன் அடியில் சுரங்கம். இறங்கித் தோண்டினால் இரும்பு, தண்ணீர், கோபால்ட் கிடைக்கும். அவற்றை மேலே கொண்டுவந்து கொட்டினால் துரப்பணத்தைப் பலப்படுத்தலாம், லேசரைக் கூர்மையாக்கலாம், உடைந்த கூடாரத்தைச் சரிசெய்யலாம். ஆனால் குறிப்பிட்ட இடைவெளியில் மேலே பூச்சியும் பறவையுமாக ஒரு கூட்டம் வந்து கூடாரத்தை அடிக்கும். அது வருவதற்குள் நாம் மேலே இருக்க வேண்டும். கூடாரம் உடைந்தால் ஆட்டம் முடிந்தது. புது நிலம், புது சுரங்கம், முதலிலிருந்து. ரோக்லைக் வகை என்பதால் அடுத்த முறை கனிமம் வேறு இடத்தில் இருக்கும். போன ஆட்டத்தின் வரைபடத்தை மனப்பாடம் செய்து பயனில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சுமையின் கணக்கு. தோண்டிய இரும்பைப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கட்டியும் ஒரு கோட்டால் நம் ஆளோடு கட்டப்பட்டுப் பின்னால் இழுபட்டு வரும். கட்டி கூடக்கூட ஆள் மெதுவாகிவிடுவான். ஆக, ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்: இன்னும் ஒரு கட்டி எடுக்கலாமா, இப்போதே கிளம்பலாமா? ஆழம் போகப் போகத் திரும்பும் வழியும் நீளும். ஒரு கட்டி ஆசையில் கூடாரத்தின் பாதியை இழந்திருக்கிறேன். அது என் தவறு, அதில் எனக்கு வருத்தமே இல்லை. இந்த விளையாட்டில் குறை இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பத்து இருபது ஆட்டம் போன பிறகு முதல் ஐந்து நிமிடம் ஒரே மாதிரி இருக்கும். மேம்பாடுகளில் சில எப்போதுமே சிறந்தவை என்பதால் கையும் அங்கேயே போகும். ஆனாலும் தோற்றால் எதனால் தோற்றோம் என்று தெரியும். அதற்காகத்தான் திரும்பத் திரும்ப அதற்குள் போகிறேன்.

உங்கள் கன்ட்ரோலர் கெடுத்தது அதைத்தான்.

வாங்கி ஐந்து வாரம் நன்றாக இருந்தது. ஆறாவது வாரம் ஒரு நாள், கீழே மூன்று இரும்பு, ஒரு தண்ணீரோடு கிளம்பத் தயாராக நின்றேன். ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டு நேரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். அந்த ஆள் தானாக இடப்பக்கம் நகர்ந்தான். இந்த விளையாட்டில் தோண்டுவதற்குத் தனிப் பொத்தான் கிடையாது, பாறையை நோக்கி நகர்ந்தாலே துரப்பணம் தோண்டத் தொடங்கிவிடும். நான் தொடாமலே இடப்பக்கச் சுவரைத் தோண்டிக்கொண்டிருந்தான். கை பட்டிருக்கும் என்று நினைத்துக் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தேன். இரண்டு கையும் மடியில் இருக்கும்போதே ஒரு கல் உடைந்து உதிர்ந்தது. அந்தக் காட்சியை வீடியோவாக இணைத்திருக்கிறேன். 14 நொடிதான். என் இரண்டு கைகளும் படத்தில் தெரிகின்றன.

மேலே இன்னும் மோசம். லேசர் கூடாரத்தில் பீரங்கி அந்த அரைவட்டத்தின்மேல் இடமும் வலமும் ஓடும். வலப்பக்கம் ஒரு பறவை நெருங்கி வருகிறது, அதற்கு நேராக லேசரை நிறுத்திச் சுட வேண்டும். விரலைத் தளர்த்திய உடனே லேசர் மெல்ல இடப்பக்கம் வழிகிறது. அதை நிறுத்த எப்போதும் வலப்பக்கம் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வலி இல்லாமல் விளையாட வாங்கிய கருவியைப் பிடித்துப் பிடித்து இப்போது கட்டைவிரலும் வலிக்கிறது. அன்று எட்டாவது கூட்டம் வந்து அடித்தபோது கூடாரம் போனது. ஒரு மணி நேர ஆட்டம். அதில் நான் செய்த தவறு எது, ஸ்டிக் செய்தது எது என்று எனக்கே தெரியவில்லை.

விளையாட்டில்தான் கோளாறோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பியின் பழைய கன்ட்ரோலரை வாங்கி அதே கணினியில் போட்டுப் பார்த்தேன். ஆள் நின்ற இடத்தில் நின்றான். பிறகு ஸ்டிக்கின் நிலையை எண்ணாகக் காட்டும் சோதனைத் திரையில் உங்களுடையதை வைத்தேன். தொடாத ஸ்டிக் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்களுடையது முதல் நாள் இடப்பக்கம் 0.22 காட்டியது, பத்து நாள் கழித்து 0.31. முழுதாகத் தள்ளினால் 1 என்றால், தொடாமலே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தள்ளியிருக்கிறது.

சரி, உங்கள் ஷூட்டர் சோதனைக்கு வருகிறேன். டெட் ஸோன் என்றால் என்ன என்று உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் ஸ்டிக் எப்படி ஆடினாலும் விளையாட்டு அதைக் கண்டுகொள்ளாது. அந்த வட்டத்தைப் பெரிதாக வைத்தால் எவ்வளவு டிரிஃப்ட் இருந்தாலும் மறைந்துவிடும். மூன்றாவது பதிலோடு நீங்கள் அனுப்பிய சோதனை வீடியோவில் ஆறாவது நொடியில் செட்டிங்ஸ் திரை ஒரு கணம் வருகிறது. நிறுத்திப் பார்த்தேன். டெட் ஸோன் 40, என் எண்ணில் சொன்னால் 0.40. அதாவது 0.31 இருக்கும் கோளாறைத் தெரியாமல் செய்யும் அளவில் வைத்துவிட்டு, கோளாறே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தையும் இணைத்திருக்கிறேன். அவ்வளவு பெரிய வட்டம் வைத்தால் ஸ்டிக்கை மெல்லத் தள்ளி மெல்ல நகரும் வசதியும் போய்விடும் என்பது வேறு விஷயம்.

இந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி இனிதான்.

உங்கள் பதில் வந்த பிறகு, நீங்களே கொடுத்த பட்டியலில் இருந்த மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கன்ட்ரோலரை எடுத்துப் போனேன். அங்கிருந்த டெக்னீஷியன் நல்ல மனிதர். என் எதிரிலேயே நான்கு திருகையும் கழற்றித் திறந்தார். ஸ்டிக்கின் அடியில் இரண்டு பக்கமும் பச்சை நிறத்தில் இரண்டு சின்னப் பெட்டிகள் ஒட்டியிருந்தன. ஒன்றின் மூடியை ஊசியால் நெம்பி எடுத்துக் காட்டினார். உள்ளே கரிப்பூச்சு பூசிய பிறை வடிவத் தடம், அதன்மேல் உரசும் ஒரு மெல்லிய உலோகத் தகடு. தடத்தின் நடுவில் கரி தேய்ந்து, கோடு விழுந்து, ஓரத்தில் கறுப்புத் தூளாகக் கிடந்தது. "இது பொட்டென்ஷியோமீட்டர் சார், ஹால் எஃபெக்ட் கிடையாது" என்றார். அதாவது தடத்தில் தகடு உரசி நிலையை அளக்கும் வகை. வேறு யாராவது இப்படிக் கொண்டுவந்திருக்கிறார்களா என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அவர்மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று இங்கேயே எழுதிவைக்கிறேன். அவர் செய்தது அவருடைய வேலை.

ஹால் எஃபெக்ட் என்பது 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்தது. மின்சாரம் ஓடும் தகட்டின் அருகே காந்தப் புலம் இருந்தால் குறுக்கே ஒரு மின்னழுத்தம் தோன்றும். அந்த வகை ஸ்டிக்கில் சின்னக் காந்தம் அசையும், உணரி தொடாமலே அதன் நிலையை அறியும். ஒன்றோடு ஒன்று உரசாததால் உணரும் பகுதி தேயாது. அதற்காகத்தான் மக்கள் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள், நானும் கொடுத்தேன். எனக்கு வந்த கன்ட்ரோலரின் ஸ்டிக்கில் அந்தக் காந்தமும் இல்லை, அந்த உணரியும் இல்லை. இதைத் தேய்மானம் என்றோ, நான் பயன்படுத்திய விதம் என்றோ நீங்கள் சொல்ல முடியாது. இல்லாத பாகத்தை இருப்பதாக அச்சிட்டு விற்றிருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தவறான விளம்பரம் என்றும் நியாயமற்ற வணிக முறை என்றும்தான் சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணையத்தில் பொருள் விற்கும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின் வணிக விதிகள் சொல்கின்றன. என் முதல் மெயில் போய் ஏழு வாரம் ஆகிறது.

எனக்கு வேண்டியது இவைதான். மாற்றுக் கன்ட்ரோலர் வேண்டாம், அதிலும் அதே பச்சைப் பெட்டிதான் இருக்கும் என்று அஞ்சுகிறேன். 2,899 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள். கூரியர் செலவு உங்களுடையது. அப்புறம், இந்த மாடலின் எல்லாப் பெட்டிகளிலும் இணையதளத்திலும் இருக்கும் அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு உண்மையைத் தெரிவித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். எனக்கு மட்டும் கொடுத்து வாயை மூடுவதாக இருந்தால் அதை நான் ஏற்க மாட்டேன். என்னைப் போல மணிக்கட்டு வலியோடு யாரோ ஒருவர், தான்தான் சரியாக விளையாடவில்லை என்று நினைத்துக்கொண்டு வலப்பக்கம் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே மனு கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. மனுவுக்கு வேண்டிய எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

கன்ட்ரோலரும், கழற்றிய அந்தச் சின்ன மூடியும் ஒரே உறையில் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் எப்போது வந்தாலும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை

இணைப்பு: பில் நகல், பெட்டியின் படம், 14 நொடி வீடியோ, சோதனைத் திரையின் இரண்டு படங்கள், உங்கள் வீடியோவின் ஆறாவது நொடிப் படம், திறந்த ஸ்டிக்கின் மூன்று படங்கள்.