கோரையாற்றுக் கடைமடையிலிருந்து ஒரு நன்றி மடல்

மேட்டூர் தொடங்கி எங்கள் ஊர் வாய்க்கால் வரை இந்த 2025ஆம் ஆண்டுப் பாசனத் தண்ணீரைத் திறந்து, பிரித்து, காவல் காத்து அனுப்பிவைத்த அத்தனை பேருக்கும், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் முத்துப்பேட்டை வட்டாரக் கடைமடை விவசாயிகளின் வணக்கம்.

ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் புழுதியில் விதைத்த சம்பா முளைத்து, வயல் முழுக்கப் பச்சை கட்டி நிற்கிறது. உயிர்த்தண்ணீர் வேண்டிய நேரத்தில் வந்து சேர்ந்தது. இதை வாயால் சொல்லிவிட்டுப் போவதைவிட எழுதிவைக்க வேண்டும் என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் எல்லோருக்கும் தோன்றியது.

அணை நிரம்பிவிட்டால் கடைமடையும் நிரம்பிவிடும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2018இல் மேட்டூர் நிரம்பி வழிந்தது. கொள்ளிடத்தில் போன வெள்ளத்தில் ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகளே உடைந்து அடித்துக்கொண்டு போயின. அந்த ஆகஸ்டில் கடைமடை ஊர்கள் பலவற்றில் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. 2023இல் வேறு கதை. ஜூன் 12இல் திறந்த அணையை, நீர் இருப்பு போதாமல் அக்டோபர் 10இல் மூட வேண்டியதாயிற்று. போன வருடம் திறந்ததே ஜூலை 28இல். இவ்வளவையும் பார்த்தவர்களுக்கு, இந்த வருடம் தண்ணீர் வந்த விதத்தின் அருமை தெரியும்.

ஜூன் 12இல் மேட்டூர் திறந்தது, 15இல் கல்லணை திறந்தது. செய்தித்தாளில் இந்த இரண்டு படங்களும் வந்தன. இரண்டுக்கும் நடுவே மூன்று நாள் தண்ணீரோடு கூடவே வந்தவர்கள் படத்தில் இல்லை. அணை மின் நிலையத்திலும் சுரங்க மின் நிலையத்திலும் எவ்வளவு விடுவது, கீழே உள்ள கதவணைகளில் எவ்வளவு தேக்குவது, பவானியும் அமராவதியும் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வளவு, மாயனூர் கதவணையில் எப்போது ஷட்டரை ஏற்றுவது என்று நீர்வளத் துறையும் மின்வாரியமும் ஓயாமல் பேசிக்கொண்டால்தான் கல்லணைக்குச் சீரான ஓட்டம் வரும். அந்தப் பொறியாளர்களுக்கும், ராத்திரி ஷிஃப்டில் கன அடிக் கணக்கைக் குறித்துத் தந்த ஊழியர்களுக்கும் முதல் நன்றி.

காவிரி கர்நாடகத்திலிருந்து நம் எல்லைக்குள் வரும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவுமானியைப் பார்த்துத் தினமும் எழுதுகிறவர்களையும் நினைக்கிறோம். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் நமக்கு ஆண்டுக்கென்று சொன்ன 177.25 டி.எம்.சி.யும் (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி), ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 என்று போட்ட மாதக் கணக்கும் அந்த ஒற்றை இடத்து அளவை நம்பித்தான் நிற்கின்றன. இந்த வருடம் குடகிலும் வயநாட்டிலும் மழை முந்திக்கொண்டது; ஜூன் முடியுமுன்பே மேட்டூர் அதன் முழு அளவான 120 அடியைத் தொட்டது. மழைக்கு நன்றி சொல்ல மாரியம்மன் இருக்கிறாள். மனிதர்களுக்கு நாம்தானே சொல்ல வேண்டும்.

கல்லணையில் வெண்ணாற்றுக்குள் நுழைகிற தண்ணீர் தென்பெரம்பூரில் வெட்டாற்றுக்குப் பங்கு கொடுக்கும். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு, சிறிய வெண்ணாறு என்று மறுபடி பிரியும். அதற்குப் பிறகு ஆற்றின் குறுக்கே ஷட்டர் வைத்துத் தண்ணீரைப் பிரிக்கும் எத்தனையோ ரெகுலேட்டர்கள், எத்தனையோ தலைப்பு மதகுகள். ஒவ்வொரு இடத்திலும் வேறு கிளைக்குப் போகும் ஒரு ஷட்டரை நாலு விரற்கடை கூடுதலாக ஏற்றினால் எங்களுக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை. ஏற்ற வேண்டியதை ஏற்றாமல் விட்டால் மேலே கரை உடையும்.

இந்த நாலு விரற்கடையைக் கையில் வைத்திருப்பவர்கள், மதகுகளைத் திறந்து மூடும் துறைப் பணியாளர்களான லஸ்கர்கள். இந்த மடலில் பாதிக்கு மேல் அவர்களுக்கு உரியது. ஆள் குறைந்துபோன இந்தக் காலத்தில் ஒருவரே பல மதகுகளைப் பார்க்கிறார். சாவியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, காட்டாமணக்கு மண்டிய கரையில் பாம்புக்கும் மழைக்கும் நடுவே சைக்கிளிலும் கால்நடையாகவும் போகிறார். மேல்மடைக்காரர் ஒரு பக்கம் திட்டுவார், நாங்கள் இன்னொரு பக்கம் திட்டுவோம். ஊர் ஊராக முறை வைத்துத் தண்ணீர் விட்ட நாட்களில் எங்கள் பகுதி லஸ்கர் யார் முகத்துக்காகவும் ஷட்டரைத் தொடவில்லை. மதகில் அடைத்துக்கொண்ட வெங்காயத்தாமரையைக் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி அரிவாளால் அறுத்துத் தள்ளினார். கரையில் ஒரு இடத்தில் கசிவு கண்டபோது, உடைப்பு எடுக்குமுன் ஊரை எழுப்பியதும் அவர்தான். மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்த இரண்டு தெருப் பிள்ளைகளுக்கும், அந்த நேரத்தில் டிராக்டரை எடுத்துவந்தவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஐயா, உங்கள் பெயரை இங்கே போட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஊருக்குத் தெரியும்.

அடுத்து, எங்களுக்கு மேலே இருக்கும் ஊர்களின் அண்ணன்மார்கள், அக்காமார்கள். உங்கள் நாற்றங்காலுக்கே தண்ணீர் பற்றாத வாரத்தில், முறை முடிந்ததும் மதகை அடைத்து, இன்ஜின் வைத்து இறைக்காமல் விட்டுக்கொடுத்தீர்கள். தலைமடைக்கும் கடைமடைக்கும் நடந்த பழைய சண்டைகளைப் பெரியவர்கள் மறக்கவில்லை. அதனால்தான் நீங்கள் விட்டுத்தந்த அந்த இரவுகளை எங்கள் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிவைத்திருக்கிறோம். பேச்சுவார்த்தைக்கு இரு தரப்பையும் ஒரே டீக்கடையில் உட்காரவைத்த உதவிப் பொறியாளர் அம்மாவுக்கும் நன்றி. அவர் கையில் இருந்த முறைப்பாசன அட்டவணையை எல்லோரும் படித்துப் பார்க்கும்படி ரெகுலேட்டர் சுவரிலேயே ஒட்டினார். பாதிச் சந்தேகம் அன்றைக்கே தீர்ந்தது.

சித்திரை வெயிலில் கிளை வாய்க்காலைத் தூர்வாரிய நூறு நாள் வேலைப் பெண்கள், பொக்லைன் ஓட்டிய தம்பிகள், உங்கள் வேலை இல்லாவிட்டால் வந்த தண்ணீர் பாதி வழியிலேயே நின்றிருக்கும்.

தண்ணீர் வயலுக்கு மட்டும் வரவில்லை. குளங்கள் நிரம்பின, ஆடுமாடுகளுக்குக் குடிக்கக் கிடைத்தது. கோடையில் உப்புக் கரித்த கைபம்புகள் கொஞ்சம் தேறின. ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடினால்தான் கடல் தண்ணீர் உள்ளே ஏறாது. அலையாத்திக் காட்டுக்கும் காயலில் மீன் பிடிக்கும் குடும்பங்களுக்கும் அதுவே ஆதாரம். கடைசி ரெகுலேட்டரில் கடல் ஏற்றம் பார்த்து ஷட்டரை இறக்கி ஏற்றுகிறவரிடம் அந்தக் குடும்பங்களின் நன்றியையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்கள்.

இனி ஐப்பசி வருகிறது. இங்கே அடைமழை பிடித்தால் எங்களுக்கு வேண்டியது தண்ணீர் இல்லை, வடிகால். அப்போது மூணாறு தலைப்பில் கோரையாற்றுப் பங்கைக் குறைக்கச் சொல்லி உங்களைத்தான் தொலைபேசியில் கூப்பிடுவோம். மழை விட்டு, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மறுபடி கேட்போம். வடிகால் வாய்க்காலில் இரண்டு இடத்தில் இன்னும் அடைப்பு இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊரார் இறங்குகிறோம், துறையிலிருந்து ஒருவர் வந்து மட்டம் பார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும்.

நன்றியுடன்,
கோரையாற்றுப் பாசனக் கடைமடை விவசாயிகள்,
முத்துப்பேட்டை வட்டாரம், திருவாரூர் மாவட்டம்